நிழல் விழாத வயது

காங்கேசன்துறையில் கப்பலை விட்டு இறங்கியபோது ஜெசிந்தாவின் கைப்பையில் பதினொரு பெயர்கள் எழுதிய தாள் ஒன்று இருந்தது. அந்தப் பதினொரு பேரில் ஒருவரைக்கூட அவள் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் இல்லையென்றால், எழுபத்தெட்டாவது வயதில் இப்படிக் காலை வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க அவள் இருந்திருக்க மாட்டாள். எட்டுப் பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மீதி மூன்று பேர் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்றுதான் தூத்துக்குடியிலிருந்து வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தாள்.

எல்லாம் தொடங்கியது இரண்டு வருடத்துக்கு முன்னால், 2061-ல்.

ஜெசிந்தா தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவள். பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்து கப்பலிலிருந்து கன்டெய்னர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி லாரியில் இறக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் மகள் ஷைனி குடியிருந்த மூன்றாவது மாடிக்கு லிஃப்டைத் தொடாமல் ஏறுவாள். ஒருநாள் தலை சீவும்போது கழுத்தின் இடப்பக்கம் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி விரலில் தட்டியது. வலி இல்லை. இரண்டு மாதத்தில் அது நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. அக்குளில் இன்னொன்று முளைத்தது.

நிணநீர்ப் புற்று என்றார் டாக்டர் இசக்கிராஜா. பாளையங்கோட்டைக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். கெட்ட செய்தி சொல்லும்போது நாற்காலியை இழுத்துப் போட்டு நோயாளிக்கு நேரே உட்கார்ந்துகொள்வார்.

"இதுக்கு மருந்து இருக்கா டாக்டர்?"

"இருக்கும்மா. நல்ல மருந்து. உங்க ரத்தத்துலேருந்தே அணுக்களை எடுத்து, 'இந்தா, இதுதான் எதிரி'ன்னு புற்றை அடையாளம் காட்டிப் பழக்கி, திரும்ப உடம்புக்குள்ள விடுவோம். பத்துல ஏழு பேருக்குக் கட்டி கரைஞ்சு போயிருது."

"அப்ப நான் என்னைக்கு வரணும்?"

இசக்கிராஜா திரையை ஒருமுறை பார்த்தார். "உங்களுக்கு நிழல் விழலம்மா."

நிழல் என்றால் என்ன என்று அப்போது எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரிந்துதான் இருந்தது. ஜெசிந்தா முழுதாகச் சொல்லச் சொன்னாள்.

"உங்களை மாதிரியே ஒரு உடம்பைக் கம்ப்யூட்டருக்குள்ள கட்டுவோம். உங்க ரத்தம், ஈரல், இதயம் எல்லாம் எப்படியோ அப்படியே. மருந்தை முதல்ல அதுக்குத்தான் குடுத்துப் பாப்போம். ஆயிரம் தடவை குடுப்போம். எந்த அளவுக்குத் தாங்குது, எங்க விழுந்துருதுன்னு தெரிஞ்ச பிறகுதான் நிஜ ஆளுக்கு. இந்த நிழல் வந்த பிறகு மருந்தால ஒருத்தரும் சாகல. அதனால நிழல் விழாதவங்களுக்கு மருந்து குடுக்கக் கூடாதுன்னு சட்டமே வந்துட்டு."

"எனக்கு ஏன் விழல?"

"அது படிச்சதெல்லாம் எழுபதுக்குக் கீழ உள்ளவங்க உடம்பு. மருந்தைச் சோதிச்ச காலத்துல வயசானவங்களைச் சேர்க்கல. இந்த வயசுல அவங்களுக்கு எதுக்குக் கஷ்டம்னு பாவம் பாத்து விட்டுட்டாங்க. எழுபதுக்கு மேல உடம்பு எப்படி நடந்துக்கிடும்னு அதுக்குத் தெரியாது. தெரியாததை அது கட்டாது."

"பாவம் பாத்து," என்றாள் ஜெசிந்தா.

"ஆமாம்மா."

"மருந்தால ஒருத்தரும் சாகலங்கிய. மருந்து கிடைக்காம எத்தனை பேரு செத்தாங்க?"

"அதை யாரும் எழுதி வைக்கல," என்றார் இசக்கிராஜா.

அன்றைக்கே அவள் பெயர் அமைதிப் பிரிவுக்கு மாறிவிட்டது. யாரும் மாற்றவில்லை, வயதைப் பார்த்ததும் தானாகவே மாறிக்கொண்டது. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், வேப்ப மரங்களுக்கு நடுவே, நல்ல காற்றோட்டமான கட்டடம் அது. வலி தெரியாமல் இருக்க மருந்து, கேட்க மெல்லிய பாட்டு, பேச ஆள். நர்ஸ்கள் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார்கள். பக்கத்துப் படுக்கையில் எழுபது வயதில் ஒரு தையல்காரர் இருந்தார். பிறந்தநாள் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நான்கு மாதம் முன்னால் கட்டி தெரிந்திருந்தால் மருந்து கொடுக்கும் முன்கட்டடத்தில் இருந்திருப்பார்.

"எல்லாரும் ரொம்ப அன்பா இருக்காங்கம்மா," என்றாள் ஷைனி, பழச்சாற்றைக் கையில் கொடுத்தபடி.

"அதாம் பயமா இருக்கு."

"இங்கயாவது நிம்மதியா இருங்களேன். அந்த மருந்துல காய்ச்சல், நடுக்கம் எல்லாம் வருமாம். இந்த வயசுல உங்களைப் போட்டு வதைக்கணுமா?"

"ஷைனி, நீ என்மேல உள்ள பாசத்துல சொல்லுத. அவங்களும் பாசத்துலதான் சொல்லுதாங்க. ஆனா ஒருத்தரும் என்கிட்ட கேக்கல, பாத்தியா? வதை படுறது நானு. படுவேனா மாட்டேனான்னு நான் சொல்ல வேண்டாமா?"

ஷைனி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். மறுநாள் அவளே அம்மாவை இசக்கிராஜாவின் அறைக்குக் கூட்டிப்போனாள்.

"டாக்டர், துறைமுகத்துல மூணாம் நம்பர் கிரேன்னு ஒண்ணு இருந்துச்சு," என்று ஆரம்பித்தாள் ஜெசிந்தா. "நான் வேலைக்குச் சேந்தப்பவே அது பழசு. அதைச் செஞ்ச வருஷத்தைப் பாத்து நாங்க ஒதுக்கல. வருஷா வருஷம் கம்பியைப் பாப்போம், பிரேக்கைப் பாப்போம், எடையைக் கட்டித் தூக்கிப் பாப்போம். முதல்ல கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். தாங்குச்சுன்னா வேலைக்கு விடுவோம். தூக்கியே பாக்காம இது தாங்காதுன்னு நீங்க எப்படிச் சொல்லுதிய?"

"நான் சொல்லலம்மா. சட்டம் சொல்லுது."

"சரி. நிழல் இல்லாமலே எழுபது தாண்டினவங்களுக்கு இந்த மருந்தை எங்கயாவது, யாராவது குடுத்திருக்காங்களா? உலகத்துல ஒரு இடத்துலயாவது?"

அந்தக் கேள்வியை இசக்கிராஜா அதுவரை தனக்குள் கேட்டுக்கொண்டதில்லை. நிழல் வந்த பிறகு படித்த மருத்துவர் அவர். அது இல்லாமல் ஒருவர் மருந்து கொடுப்பார் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. மூன்று வாரம் தேடினார். ஜெசிந்தாவின் கழுத்துக் கட்டி அதற்குள் எலுமிச்சை அளவாகி, விழுங்கும்போது உறுத்தத் தொடங்கியிருந்தது.

கடைசியில் ஆள் கிடைத்தார், கடலுக்கு அந்தப் பக்கம். பருத்தித்துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. நிழல் கட்டும் இயந்திரம் அங்கே வரவே பல வருடம் ஆகியிருந்தது. அதுவரை குகநேசன் என்ற மருத்துவர் பழைய முறையில், ஆளைப் பார்த்து, பேசி, சம்மதம் கேட்டு மருந்து கொடுத்திருக்கிறார். எழுபது தாண்டியவர்கள் பதினொரு பேர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஒவ்வொருவரின் காய்ச்சல், நாடி, மூச்சு எல்லாவற்றையும் தன் கையாலேயே நோட்டில் எழுதியிருக்கிறார்.

"பதினொரு நோட்டும் அப்படியே இருக்கும்மா," என்றார் இசக்கிராஜா. அவர் குரல் அப்படி உயர்ந்து ஜெசிந்தா கேட்டதில்லை. "அதைப் படிச்சா எழுபதுக்கு மேலயும் நிழல் விழும். ஆனா ஒரு சிக்கல். எட்டுப் பேர் பிழைச்சிருக்காங்க. மூணு பேர் இறந்துட்டாங்க. பிழைச்சவங்களை மட்டும் வச்சு நிழல் கட்ட முடியாது. எங்க முறியும்னும் அதுக்குத் தெரியணும்."

"தெரியணும்," என்றாள் ஜெசிந்தா. கிரேன் ஓட்டியவளுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

நோட்டைக் கொடுக்க அவரவர் கையெழுத்து வேண்டும்; இறந்தவர்களுக்கு வீட்டார் கையெழுத்து. எட்டுப் பேரும் ஒரே வாரத்தில் போட்டுக் கொடுத்தார்கள். இறந்த மூவரில் இருவர் வீட்டிலும் கிடைத்தது. ஒருவர் மட்டும் முடியாது என்றார். முதலில் இறந்த தயாபரன் என்பவரின் மனைவி, சிவகௌரி. மற்ற எல்லா நோட்டையும்விட அந்த நோட்டுத்தான் முக்கியம் என்று இசக்கிராஜா சொன்னார். மருந்து அளவு மீறினால் என்ன ஆகும் என்பது தெளிவாக அதில் மட்டும்தான் இருந்தது.

ஏன் மறுக்கிறார் என்று ஜெசிந்தா கேட்டாள். காரணம் வந்துசேர இரண்டு வாரம் ஆனது.

தயாபரனுக்கு எண்பத்தொரு வயது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள் வீட்டு மதிலுக்கு வெள்ளையடித்த மனிதர். மருந்து ஏறிய ஐந்தாம் நாள் இறந்துபோனார். ஆஸ்பத்திரி அலுவலகம் கொடுத்த இறப்புச் சான்றிதழில், இறந்த காரணம் என்ற இடத்தில், ஒரே ஒரு சொல் இருந்தது: மூப்பு. கையெழுத்து வாங்கப் போனவரிடம் சிவகௌரி சொன்னாராம்: "என்ர மனிசன் மூப்பில சாகேல்லை. எதால செத்தவர் எண்டு ஒழுங்கா எழுதிக்கொண்டு வாங்கோ. பிறகு கையெழுத்தைப் பற்றிக் கதைப்பம்."

அந்தச் சொல்லைக் குகநேசன் எழுதவில்லை. ஆனால் அது பொய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அப்படியே விட்டிருந்தார். எண்பத்தொரு வயதுக்காரர் இறந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. இப்போது அவரே மனுக் கொடுத்துச் சான்றிதழைத் திருத்தினார். "கொடுத்த மருந்தின் அளவு கூடியதால் இறந்தார். அளவைத் தீர்மானித்தவன் நான்" என்று எழுதிக் கையொப்பமிட்டார். விசாரணை நடந்தது. ஒரு வருடத்துக்கு அவர் யாருக்கும் மருந்து எழுதக் கூடாது என்று ஆனது.

திருத்திய சான்றிதழ் கையில் கிடைத்த அன்றே சிவகௌரி கையெழுத்துப் போட்டார்.

இதைக் கேட்டதும் ஜெசிந்தாவால் சந்தோஷப்பட முடியவில்லை. முகம் தெரியாத ஒரு மருத்துவர் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். முகம் தெரியாத ஒரு பெண் மூடிவைத்திருந்த துக்கத்தைத் திறந்து கொடுத்திருக்கிறார். "நான் யாரு இவங்களுக்கு?" என்று மகளிடம் கேட்டாள். ஷைனி அம்மாவின் தலையைத் தடவிக்கொண்டே, "பிழைச்சு வாங்க, போய்க் கேப்போம்," என்றாள்.

பத்து நாளில் திரையில் நிழல் விழுந்தது. இசக்கிராஜா அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு பெண் உருவம். ஆயிரம் தடவை மருந்து கொடுத்ததில் எழுநூற்று எழுபது தடவை அது எழுந்து நின்றது. மருந்தை மூன்றாகப் பிரித்து, முதலில் ஒரு பங்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று அது காட்டியது. இன்னொன்றையும் அது தயாபரனின் நோட்டிலிருந்து கற்றிருந்தது. குகநேசன் நோயாளிகளைத் தினமும் நான்கு தடவை ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார், புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க. தயாபரன் எழுதியது, "எனக்குப் பசிக்கிறது" என்பது. மூன்றாம் நாள் காலையில் அந்த எழுத்துகள் கோணத் தொடங்கியிருக்கின்றன. காய்ச்சல் ஏறியது ஆறு மணி நேரம் கழித்துத்தான். அன்றைக்கு அதைக் கவனிக்க யாருக்கும் தெரியவில்லை. எழுத்து கோணியதுமே மருந்தின் வேகத்தை அடக்கும் மாற்று மருந்து கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருக்கக் கூடும்.

ஜெசிந்தாவுக்கும் மருந்து ஏறிய மூன்றாம் நாள்தான் எழுத்து கோணியது. "என் பேர் ஜெசிந்தா" என்று எழுதினாள். கடைசி எழுத்து வரியை விட்டு இறங்கிப்போயிற்று. பக்கத்திலேயே காத்திருந்த நர்ஸ் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மாற்று மருந்தை ஏற்றினாள். அப்படியும் காய்ச்சல் வந்தது, பேச்சு போயிற்று. ஒன்றரை நாள் வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. ஷைனி பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், ஜெபித்தாள், நடுநடுவே ஏசினாள். ஐந்தாம் நாள் காலையில் ஜெசிந்தா கண்ணைத் திறந்து, "கொஞ்சம் கஞ்சி தா," என்றாள்.

ஆறு மாதத்தில் கட்டிகள் கரைந்துவிட்டன. அமைதிப் பிரிவிலிருந்த தையல்காரருக்கும் நிழல் விழுந்தது. அவர் பிழைத்து, ஷைனிக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். எழுபது என்ற கோட்டைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில்தான் ஜெசிந்தா கப்பலுக்குப் பதிவு செய்தாள். ஷைனியும் வருவதாக இருந்தது. அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் விடுமுறை கிடைக்கவில்லை.

காங்கேசன்துறையில் குகநேசன் வந்து காத்திருந்தார். அறுபதை நெருங்கும் ஒல்லியான மனிதர், அதிகம் பேசவில்லை. அவர் வண்டியிலேயே மூன்று நாள் சுற்றினார்கள். எட்டுப் பேரும் எட்டு விதமாக அவளை வரவேற்றார்கள். கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர், "அப்ப எங்கட உடம்பும் ஒரு பாடப்புத்தகம் எண்டு சொல்லுங்கோ," என்று பெருமையாகச் சிரித்தார். எண்பத்தாறு வயது அம்மா ஒருவர் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்து, ஒரு முத்தம் கொடுத்தார். இறந்த இருவரின் பிள்ளைகள் அப்பா அம்மாவின் படங்களைக் காட்டினார்கள். ஜெசிந்தா ஒவ்வொரு வீட்டிலும் நன்றி என்றாள். அந்தச் சொல் போதவில்லை என்று ஒவ்வொரு முறையும் தோன்றியது. வேறு சொல் கிடைக்கவில்லை.

நான்காம் நாள் பதினொன்றாவது வீடு. குகநேசன் கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளியே வண்டியை நிறுத்தினார்.

"நான் வரேல்லை. நீங்கள் போங்கோ. அவ என்னைப் பாக்க விரும்ப மாட்டா."

சிவகௌரி கதவைத் திறந்தார். எண்பதை நெருங்குகிறவர், நேராக நின்றார். "வாங்கோ, இருங்கோ," என்று நாற்காலியைக் காட்டினார். ஜெசிந்தா உட்கார்ந்ததும் சொல்லத் தொடங்கினாள்: "உங்க வீட்டுக்காரர் நோட்டு இல்லைன்னா நான்..."

"அதெல்லாம் கடிதத்தில எழுதினவை, அம்மா. நான் வாசிச்சனான்." சிவகௌரி எதிரே உட்கார்ந்தார். "நான் உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். டொக்டர்மாரிட்டை கேட்டுப் பிரயோசனமில்லை. உங்களுக்கும் மூண்டாம் நாள் கதைக்கேலாமல் போனதாமே?"

"ஆமா."

"அப்ப உங்களுக்கு எப்பிடி இருந்தது? அவர் வாயைத் திறக்கிறார், சத்தம் வரேல்லை. என்னைப் பாத்துக்கொண்டே கிடந்தார். வலியில கத்த நினைச்சவரோ, பயந்தவரோ, நான் ஆரெண்டே தெரியாமல் போச்சுதோ... மூண்டு வருசமாக் கேட்டுக்கொண்டே இருக்கிறன். சொல்ல ஆளில்லை."

ஜெசிந்தா நாற்காலியை முன்னால் நகர்த்தினாள். நன்றி சொல்லத்தான் வந்திருந்தாள். இவருக்கு வேண்டியது வேறு என்றும், அது தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்றும் அவளுக்குப் புரிந்தது. ஆறுதலுக்காக ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

"அவருக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. அவருக்கு மருந்து என்னைவிட அதிகமா ஏறியிருந்துச்சு. எனக்கு எப்படின்னு சொல்லுதேன். காய்ச்சல் ஏறும்போது கஷ்டமா இருந்துச்சு, எலும்பெல்லாம் வலிச்சுது. பிறகு வலி தள்ளிப்போயிட்டு. தண்ணியில மிதக்குற மாதிரி. பேசணும்னு நினைப்பேன், சொல்லு எங்கயோ போயிரும். ஆனா எல்லாம் கேட்டுச்சு. என் மக பக்கத்துல இருக்கான்னு ஒவ்வொரு நிமிஷமும் தெரிஞ்சுது."

"எல்லாம் கேட்டதோ?"

"எல்லாம்."

சிவகௌரி கைகளை மடியில் இறுக்கிக்கொண்டார். "நான் அவரை ஏசினனான்," என்றார், மெதுவாக. "எண்பத்தொரு வயசில உமக்கு ஏன் இந்த ஆசை, வீட்டில சும்மா கிடந்திருக்கலாமே, என்னைத் தனிய விட்டிட்டுப் போகவோ வந்தனீர் எண்டு... அதுதான் நான் அவரோட கடைசியாக் கதைச்சது."

ஜெசிந்தா அவர் பக்கம் குனிந்தாள்.

"என் மகளும் என்னை ஏசினா. நான் சொன்னேன் கேட்டியளா, உங்களை யாரு இந்த வேலைக்குப் போகச் சொன்னான்னு ஒரே ஏச்சு. அது கேக்கும்போது எனக்கு என்ன தோணுச்சு தெரியுமாம்மா? நர்ஸெல்லாம் ரொம்ப மெதுவாப் பேசினாங்க, சாகப்போறவகிட்ட பேசுற மாதிரி. இவ ஒருத்திதான் நான் எந்திரிச்சு பதில் சொல்லுவேன்னு நம்பி ஏசுதான்னு தோணுச்சு. அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். என் விஷயத்துல இது நிஜம்."

சிவகௌரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நீண்ட நேரம் அழுதார். ஜெசிந்தா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, அவர் தோளில் கையை வைத்துக்கொண்டாள். அழுது முடித்ததும் சிவகௌரி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நன்றி, அம்மா," என்றார். "நீங்கள் பிழைச்சது எனக்கு எவ்வளவு உதவி."

ஜெசிந்தா தலையை மட்டும் ஆட்டினாள்.

சிவகௌரி எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களை இறக்கும் சத்தம் கேட்டது. அங்கிருந்தபடியே கேட்டார்:

"தெருவில வண்டிக்குள்ள இருக்கிறது டொக்டர் குகநேசன்தானே?"

"ஆமா. நீங்க பாக்க விரும்ப மாட்டியன்னு..."

"வெயிலுக்குள்ள எவ்வளவு நேரம்தான் கிடக்கிறது அந்த மனிசன்." சிவகௌரி மூன்று தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். "போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. மூண்டு பேருக்கும் சோறு காணும்."